நீர் மாத்திரையை நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள்

நம் தோட்டப்புற மக்கள் இரத்தக் கொதிப்புக்காக வாங்கி வரும் மாத்திரைகளில் ஒன்றுக்கு மட்டும் தனிப் பெயர் உண்டு. மற்றவை எல்லாம் ‘பிரஷர் மாத்திரை’. இது மட்டும் ‘ஒண்ணுக்கு மாத்திரை’. கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் ‘நீர் மாத்திரை’. கிளினிக்கில் கால் கடுக்கக் காத்திருந்து வாங்கி வருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அது சாமி படத்துக்குப் பக்கத்திலோ பழைய பிஸ்கட் டின்னிலோ கிடக்கிறது. ஏனம்மா என்று கேட்டால், “அதப் போட்டா வேல செய்ய முடியலீங்க. அடிக்கொரு தரம் ஒதுங்கணும். ஆம்பளைங்க மரத்து மறைவுல நிப்பாங்க, நாங்க எங்க போறது?” என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு வழி சொல்லாமல் ‘மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்’ என்று உபதேசம் செய்வதில் பயனில்லை. ஆகவே இன்று இந்த ஒரு மாத்திரையைப் பற்றியே பேசுவோம்.

இரத்தக் கொதிப்பு நம் நாட்டில் சாதாரண நோயல்ல. 2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில் பெரியவர்களில் பத்துப் பேருக்கு மூவர் இந்நோய் உள்ளவர்கள் என்று தெரிய வந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. தலைவலி வந்தால்தான் கொதிப்பு ஏறியிருக்கிறது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 180 இருக்கும்போதும் ஒருவர் வாளி தூக்குவார், சிரிப்பார், சாப்பிடுவார். பிறகு ஒரு நாள் வாய் ஒரு பக்கம் கோணி, கை விழுந்து போகும். குடும்பத்தில் சம்பாதிக்கும் ஒரு கை விழுந்தால் அந்த வீடு என்ன ஆகும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

மாத்திரையை இஷ்டப்படி போடுவதில் இன்னொரு அபாயமும் உண்டு. வேலை நாளில் போடாமல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிறார் ஒருவர். கிளினிக்கில் கொதிப்பைப் பார்க்கிறார்கள், இறங்கவில்லை. இவர் வாய் திறப்பதில்லை. மருந்து போதவில்லை போலிருக்கிறது என்று டாக்டர் அளவைக் கூட்டுகிறார், அல்லது இன்னொரு மாத்திரை சேர்க்கிறார். அப்புறம் மகளோ மருமகளோ பயமுறுத்தி ஒரு நாள் எல்லாவற்றையும் சேர்த்துப் போட வைக்கிறார்கள். அன்றைக்குக் கொதிப்பு சடாரென இறங்கி, எழுந்து நின்றதும் கண் இருட்டிக் கீழே விழுகிறார். “பாத்தீங்களா, மருந்துதான் ஆளச் சாய்ச்சிருச்சு” என்று லயம் முழுவதும் பேச்சாகிறது. டாக்டரிடம் போடவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டதால் வந்த வினை இது. போடவில்லையென்றால் போடவில்லை என்று சொல்லி விடுங்கள். யாரும் அடிக்கப் போவதில்லை.

சரி, இந்த மாத்திரை என்ன செய்கிறது? நம் உடம்பில் உப்பு எங்கே தங்குகிறதோ அங்கே தண்ணீரும் தங்கும். இரத்தக் குழாயில் தண்ணீர் கூடினால் அழுத்தம் கூடும். நீர் மாத்திரை சிறுநீரகத்தில் வேலை செய்து, கூடுதல் உப்பையும் அதோடு தண்ணீரையும் வெளியேற்றுகிறது. ஹைட்ரோகுளோரோதையசைட் என்ற மருந்து 1950களின் கடைசியிலிருந்து உலகெங்கும் இந்த வேலைக்குப் பயன்படுகிறது. நல்ல மருந்து, விலையும் குறைவு. ஆனால் அதற்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சாப்பாட்டு உப்பை வெளியேற்றும்போது பொட்டாசியம் என்ற இன்னொரு உப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். பொட்டாசியம் குறைந்தால் தசை பிடிக்கும், கை கால் சோர்ந்து போகும், நெஞ்சு படபடக்கும், இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

அதற்காகத்தான் இரண்டு மருந்தை ஒரே வில்லையில் சேர்த்தார்கள். இரண்டாவது மருந்தின் பெயர் அமிலோரைட். இது பொட்டாசியத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். ஒன்று தள்ளுகிறது, மற்றது பிடிக்கிறது. இந்தக் கூட்டு வில்லையில் அமிலோரைட் 5 மில்லிகிராம், ஹைட்ரோகுளோரோதையசைட் 50 மில்லிகிராம். மொடுரெடிக் என்ற பெயரில் பலருக்குப் பழக்கம். வேறு கம்பெனிகள் வேறு பெயரிலும் செய்கின்றன. இரத்தக் கொதிப்புக்குப் பலருக்குப் பாதி வில்லையே போதும். டாக்டர் பாதி என்றால் பாதிதான். கால் வீக்கம் தெரிகிறதே என்று முழுசாகப் போட்டுக்கொள்வதற்கில்லை.

இது தராசு மாதிரி. இரண்டு தட்டும் சமமாக நிற்கும்வரை நல்லது. நம் வீட்டுப் பழக்கங்கள் சில, தெரியாமலே ஒரு தட்டில் கல்லைப் போட்டு விடுகின்றன.

பழைய நாளில் தள்ளும் மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்த காலத்தில், “வாழைப்பழம் சாப்பிடுங்க, இளநீர் குடிங்க” என்று டிரசர் சொல்லுவார். அன்றைக்கு அது சரி. இரண்டிலும் பொட்டாசியம் நிறைய. இன்று கூட்டு வில்லை சாப்பிடுகிறவர், அதுவும் வயதானவர் அல்லது கிட்னி கொஞ்சம் கெட்டவர், அதே புத்திமதியைக் கேட்டு நாளுக்கு இரண்டு மூன்று இளநீர் குடித்தால் பொட்டாசியம் அளவு மீறி ஏறும். குறைந்தால் கெடுதல் என்றோமே, ஏறினால் அதைவிடக் கெடுதல். பெரும்பாலும் வெளியே ஓர் அறிகுறியும் காட்டாமல் இதயத்தை நிறுத்தி விடும். கிட்னி நன்றாக இருப்பவர் வழக்கம்போல ஒரு பழம் சாப்பிடுவதில் தவறில்லை. தினமும் இளநீர் குடிக்கிற பழக்கம் இருந்தால் கிளினிக்கில் சொல்லிவிட்டுக் குடியுங்கள்.

இன்னொன்று, பேரங்காடிகளில் ‘உப்பு குறைந்த உப்பு’ என்று ஒரு பொட்டலம் விற்கிறார்கள். பட்டணத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்குக் கொதிப்பு என்று அக்கறையாக வாங்கி வருகிறார்கள். அதில் சாதாரண உப்புக்குப் பதிலாகச் சேர்த்திருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் உப்புதான். கூட்டு நீர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது ஆகாது. சாதாரண உப்பையே குறைத்துப் போடுவதுதான் வழி. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. கருவாடு, நெத்திலி, கிச்சாப்பு, பெலாச்சான், மீ பொட்டலத்துத் தூள் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். கருவாட்டுக் குழம்பை விடச் சொன்னால் நம் ஆட்களுக்குக் கோபம் வரும் என்பது தெரியும். வாரத்தில் ஒரு நாளாக்கிப் பாருங்கள் என்றுதான் சொல்கிறோம்.

எல்லாவற்றையும்விட நாம் அதிகம் பயப்படுவது வலி மாத்திரைக்குத்தான். காண்டா தூக்கித் தோள் வலி, செம்பனைக் குலை வெட்டிக் கழுத்து வலி, குனிந்து உதிர்ந்த பழம் பொறுக்கி இடுப்பு வலி. சாயங்காலம் கடையில் ஒரு பட்டை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். போன்ஸ்தான், வோல்டரென், ஐபுபுரோபென் ஆகிய இந்த வகை மாத்திரைகள் நீர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், கொதிப்பை ஏற்றும், கிட்னியை அமுக்கும். கிட்னி அமுங்கினால் பொட்டாசியம் வெளியே போகாது. ஒரு நாள் போட்டதால் ஆள் போய்விடுவார் என்று சொல்லவில்லை. வாரக்கணக்கில் போடுகிறவர்கள்தான் கடைசியில் கிட்னி கழுவும் மெஷினில் போய்ப் படுக்கிறார்கள். வலிக்கு முதலில் பனடோல் போதுமா என்று பாருங்கள். போதாவிட்டால் டாக்டரிடமே கேளுங்கள். பசார் மாலாமில் விற்கும் ஜாமு, மூட்டு வலி உருண்டை ஆகியவற்றில் இதே வலி மருந்தையும் ஸ்டீராய்டையும் களவாகக் கலந்து விற்பதைச் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ‘இயற்கை மருந்து, சைட் எபெக்ட் இல்லை’ என்று ஒலிபெருக்கி வைத்துச் சொல்லுகிறவனை நம்பாதீர்கள். இருமலுக்குச் சுவைக்கும் நம் அதிமதுரம்கூட தினமும் அதிகமாகச் சாப்பிட்டால் கொதிப்பை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கி விடும்.

ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு பை. மருந்து தீர்ந்துபோன சமயம் டவுனில் தனியார் டாக்டரிடம் இன்னொரு பை. பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே இருப்பது ஒன்றே. ஹைசார், கோ-டையோவன் போன்ற வில்லைகளிலும் ஹைட்ரோகுளோரோதையசைட் இருக்கிறது. அதோடு மொடுரெடிக்கும் சேர்ந்தால் நீர் மருந்து இரட்டிப்பு. அது மட்டுமல்ல, லோசார்டன், வல்சார்டன், பெரிண்டோப்ரில், எனலாப்ரில் போன்ற கொதிப்பு மருந்துகளும் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் குணமுள்ளவை. அவற்றோடு அமிலோரைட் சேரும்போது டாக்டர் தெரிந்தே கொடுத்து இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துக்கொண்டால் பரவாயில்லை. இரண்டு டாக்டர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் கொடுத்தால் விபரீதம். கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் இருக்கிற அத்தனை மருந்தையும், நாட்டு மருந்து உள்பட, ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேசையில் கொட்டுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையைக் கடன் வாங்குவதும் இந்தக் கணக்குத்தான். “அக்கா, உங்க கால் வீங்கியிருக்கே, எங்க வீட்டுக்காரரு மாத்திரைல ஒண்ணு போட்டுப் பாருங்க” என்பது அன்பால் சொல்வதே. ஆனால் அந்த அக்காவின் கால் வீக்கம் இதயத்தாலா, கிட்னியாலா, கர்ப்பத்தாலா என்று யாருக்குத் தெரியும்? கிட்னி பழுதுள்ளவருக்கு இந்த வில்லை விஷம். கர்ப்பிணிகள் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், கௌட் மூட்டு வீக்கம் உள்ளவர்கள், இனிப்பு நீர் உள்ளவர்கள் அதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

இப்போது அந்தப் பெண்கள் கேட்ட கேள்விக்கு வருவோம்.

மாத்திரை உள்ளே போய் ஏறக்குறைய 2 மணி நேரத்தில் சிறுநீர் கூடத் தொடங்கும். 4 மணி நேர அளவில் உச்சத்தில் இருக்கும். 6 முதல் 12 மணி நேரம் வரை அதன் வேலை நீடிக்கும். பெரட்டுக்குப் போகுமுன் காலை 5 மணிக்குப் போட்டால் 9 மணிக்கு, அதாவது நிரையின் நடுவில் நிற்கும்போது முட்டிக்கொண்டு வரும். மருந்துப் பையில் ‘பாகி’ என்று எழுதியிருப்பதால் விடியற்காலையில்தான் போட வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஆபீசில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு ஏற்ற நேரம். கக்கூசு பத்தடியில் இருக்கிறது. பால் வெட்டுகிறவர், பழம் பொறுக்குகிறவர், டாக்டரிடமோ மருந்து கொடுக்கும் பார்மசிஸ்டிடமோ “நான் தோட்ட வேலை, மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துருவேன், அப்பப் போடலாமா?” என்று கேளுங்கள். பெரும்பாலோருக்குச் சரி என்பார்கள். சாயங்காலம் தள்ளிப் போடுவது மட்டும் வேண்டாம். இரவெல்லாம் எழுந்து இருட்டில் நடந்து, வயதானவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வதற்கு அதுவே காரணமாகும். எந்த நேரமோ, தினமும் அதே நேரம். மறந்து போனால் அன்றே பகலில் நினைவு வந்தபோது போடலாம். இரவாகி விட்டால் விட்டுவிடுங்கள், மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் ஓட்டம் அதிகம். பிறகு அது தணியும், கொதிப்பை அடக்குகிற வேலை மட்டும் தொடரும். இந்த ஒன்றைச் சொல்லாததால்தான் பலர் முதல் வாரத்திலேயே மாத்திரையை விட்டு விடுகிறார்கள்.

ஒதுங்க இடமில்லையே என்று காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் இப்படிச் செய்தால் அந்த வெயிலில் தலை சுற்றும், கிட்னி வாடும். நீண்ட கம்பில் அரிவாள் கட்டிக் குலை அறுக்கிறவர் தலை சுற்றினால் என்ன ஆகும்? மோட்டார் சைக்கிளில் வருகிறவர்? டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொன்ன இதய நோயாளி தவிர, மற்றவர்கள் தாகத்துக்குக் குடித்தே ஆக வேண்டும். உட்கார்ந்து எழும்போது மெல்ல எழுங்கள். வாந்தி பேதி வந்து உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டிருக்கும் நாளில் இந்த மாத்திரையைப் போடுவதற்கு முன் கிளினிக்கைக் கேளுங்கள். நின்று சாப்பாடு இறங்கும்வரை நிறுத்தி வைக்கத்தான் பொதுவாகச் சொல்வார்கள். வெயிலில் இம்மருந்து தோலைச் சிவக்க வைக்கும். பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்குத் தோல் புற்று நோய் வாய்ப்பும் சற்று அதிகம் என்று 2018இல் ஐரோப்பிய மருந்து நிர்வாகம் எச்சரித்தது. முக்காடும் நீளக் கைச் சட்டையும் நம் பெண்கள் எப்போதும் போடுகிறவைதான். ஆண்களும் தொப்பியை மறக்க வேண்டாம்.

வீட்டில் இருக்கும் பாட்டிமார்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. வயதான பெண்களுக்கு இந்தக் கூட்டு வில்லையால் சாப்பாட்டு உப்பின் அளவு இரத்தத்தில் மிகவும் இறங்கிப் போவது உண்டு. அப்போது பாட்டி சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பார், நேற்று வரை பேசியவர் இன்று பேரனை அடையாளம் தெரியாமல் பார்ப்பார், தடுமாறி விழுவார். வயசாயிருச்சு, புத்தி மாறிருச்சு என்று விட்டு விடுகிறோம். சில வீடுகளில் காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். மாத்திரை தொடங்கிய சில நாளிலோ சில வாரத்திலோ இப்படி ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய், “இவங்க நீர் மாத்திரை சாப்பிடுறாங்க” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் மருந்தை நிறுத்திச் சரிப்படுத்தினால் பாட்டி பழையபடி ஆகி விடுவார்.

பொட்டாசியம் ஏறியதா, உப்பு இறங்கியதா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல எந்த வைத்தியராலும் முடியாது. இரத்தம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். கிளினிக்கில் அதை ‘ரீனல் புரோபைல்’ என்பார்கள். மருந்து தொடங்குமுன் ஒரு தடவை, தொடங்கிய சில வாரத்தில் ஒரு தடவை, பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவது. வயதானவர், இனிப்பு நீர்க்காரர், கிட்னிக்காரர் இன்னும் அடிக்கடி. “டாக்டர், எனக்கு ரீனல் புரோபைல் எடுத்தாச்சா?” என்று நீங்களே கேளுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். மருந்தும் அதிலேயே அடக்கம். பையில் மலாயில் எழுதியிருப்பது புரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். ‘செபிஜி’ என்றால் ஒன்று, ‘ஸ்தெங்ஙா பிஜி’ என்றால் பாதி. இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் மருந்து இரட்டிப்பாகும்.

நிர்வாகங்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. முன்பு தோட்டத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தது, ஆளைத் தெரிந்த டிரசர் இருந்தார். பல இடங்களில் இன்று அது இல்லை. தொழிலாளி இரத்தம் எடுக்கப் போக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் யார் போவார்கள்? 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, வேலை செய்யும் இடம் ஆரோக்கியத்துக்குக் கேடில்லாமலும், தொழிலாளர் நலனுக்குப் போதிய வசதிகளோடும் இருக்க, நடைமுறைக்கு இயன்ற வரையில் முதலாளி ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. நூறு ஏக்கர் தீம்பாரில் ஒரு பெண் மறைவாக ஒதுங்க நாலு தகரமும் ஒரு தொட்டித் தண்ணீரும் வைப்பது எந்தக் கம்பெனிக்கும் இயலாத காரியமல்ல. தோட்டக் கமிட்டிகள் அடுத்த முறை மானேஜரைப் பார்க்கும்போது சம்பளப் பேச்சோடு இதையும் எழுதிக் கொடுக்கட்டும். எழுதும்போது, இத்தனை பெண்கள் வேலை நாளில் மருந்து சாப்பிட முடியாமல் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்து எண்ணிக்கையைப் போடுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.